கட்டி ஷேவிங் சோப்புல கெட்டி நுரை வரணுமா, சோப்ப நிறைய ஏத்துங்க, தண்ணிய மெதுவா விடுங்க

வட்டக் கட்டியா வர்ற ஷேவிங் சோப்ப ஆசையா வாங்கிட்டு வந்து, கொஞ்ச நாள் போராடிட்டு, அப்டியே அலமாரி ஓரத்துல தள்ளி வச்சவங்க எனக்குத் தெரிஞ்சே நிறைய பேர் இருக்காங்க. எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், பிரஷ்ஷப் போட்டு சுத்தினா நல்லா பொங்கிட்டு வருது, ஆனா முகத்துல பூசிட்டு ரேசர கையில எடுக்கறதுக்குள்ள பாதி காணோம், மீதி காஞ்சு தோல்ல ஒட்டிக்கிட்டு நிக்குது, சோப்பு டூப்ளிகேட்டா இருக்குமோ, பேசாம டியூப் கிரீமுக்கே போயிடலாமா. சோப்பு மேல தப்பே இல்லங்க. ஜெர்மனியோட டபாக், துருக்கியோட ஆர்கோ, இங்கிலாந்துல பிராட்ஃபோர்டுல இருந்து வர்ற மிட்செல்ஸ் வுல் ஃபேட், நம்ம ஊர்ல சின்ன பிளாஸ்டிக் டப்பால வர்ற கோத்ரெஜ் ஷேவிங் ரவுண்ட், எதை எடுத்துக்கிட்டாலும் ஷேவ் முடியற வரைக்கும் அசையாம நிக்கிற நுரைய அதுல இருந்து எடுக்க முடியும். பிரஷ்ல எவ்வளவு சோப்பு ஏறுது, அதுக்கு எவ்வளவு தண்ணி போகுது, அந்தத் தண்ணி என்ன தண்ணி, இது மூணும்தான் விஷயம்.

சோப்புக்குள்ள என்ன இருக்குன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானாப் புரியும். குளிக்கற சோப்பு காஸ்டிக் சோடா, அதான் சோடியம் ஹைட்ராக்சைடு, போட்டு செய்யறது, ஷேவிங் சோப்புல அதோட பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேப்பாங்க. சோடியம் சோப்பு கட்டியா இருக்கும் ஆனா தண்ணில லேசுல கரையாது, பொட்டாசியம் சோப்பு மெத்துன்னு இருக்கும், சீக்கிரம் கரையும், ரெண்டும் கலந்து இருந்தாத்தான் டப்பால கட்டியாவும் நிக்கும், ஈர பிரஷ் பட்டா கரைஞ்சும் வரும். டியூப் கிரீம் பெரும்பாலும் பொட்டாசியம் பக்கம், போதாததுக்கு தண்ணிய கம்பெனிலயே கலந்து கொடுத்துடறாங்க, அதனாலதான் அது தொட்டதும் நுரைக்குது. கட்டி சோப்புல அந்தத் தண்ணி கலக்கற வேலை நம்ம கைக்கு வருது, அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா அந்த வேலை நம்ம கையில இருக்கறதால நுரை எவ்வளவு கெட்டியா இருக்கணும், எவ்வளவு வழுக்கணும்னு நாமளே முடிவு பண்ணிக்கலாம், எனக்கு இந்த சோப்பு பிடிச்சதுக்கு காரணமே அதுதான்.

அடுத்தது கொழுப்பு. தேங்கா எண்ணெய்ல நிறைய இருக்கறது லாரிக் ஆசிட், 12 கார்பன் சங்கிலி, அதுல செஞ்ச சோப்பு டக்குன்னு பெரிய பெரிய குமிழியா நுரைச்சு டக்குன்னு அடங்கிடும். ஷேவிங் சோப்போட முதுகெலும்பு ஸ்டியரிக் ஆசிட், 18 கார்பன். இது நுரைக்க நேரம் எடுத்துக்கும், ஆனா குமிழி கண்ணுக்கே தெரியாத அளவுக்கு பொடிசா வரும், வந்தா உடையாது. அதனால கட்டி சோப்பு மெதுவா நுரைக்குதுன்னா அத குறையா நினைக்காதீங்க, அதே குணம்தான் பின்னாடி நுரைய நிறுத்தி வைக்குது. இன்னொண்ணும் சொல்லிடறேன், கேன்ல அமுக்கினா புஸ்ஸுன்னு வர்ற ஃபோம் இருக்கே, 1949ல அமெரிக்காவுல ரைஸ்னு ஒரு பிராண்டுல முதல்ல வந்தது, அந்த மாதிரி ஃபோம்லயும் பொதுவா இதே ஸ்டியரிக் ஆசிட்தான், டிரைஎத்தனாலமின்ங்கற காரப் பொருளோட சேத்து கேஸ் அடைச்சு விக்கறாங்க. காத்து நிறைய, சோப்பு கம்மி.

லேபிள் படிக்கறவங்களுக்கு ஒரு விஷயம். சோடியம் டாலோவேட், பொட்டாசியம் டாலோவேட்னு போட்டிருந்தா அது மிருகக் கொழுப்பு, பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. வீட்ல சைவம், இது வேணாம்னு நினைக்கறவங்க பாமேட், கோகோயேட், ஸ்டியரேட்னு இருக்கறதப் பாத்து, தாவர எண்ணெய்லதான் செஞ்சதுன்னு தெளிவா போட்டிருக்கான்னும் பாத்து வாங்கலாம், ஏன்னா ஸ்டியரிக் ஆசிட் ரெண்டு பக்கத்துல இருந்தும் வரும். மிருகக் கொழுப்பு போட்ட சோப்புதான் உசத்தின்னு சிலர் அடிச்சு சொல்வாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, தாவர எண்ணெய் சோப்புலயும் அதே அளவு நல்ல நுரை எடுத்திருக்கேன்.

இப்ப தண்ணிக்கு வரேன், இதப் பத்தி யாரும் சரியா பேசறதில்ல. நான் கோயமுத்தூர்ல வளந்தவன், சிறுவாணித் தண்ணி வர்ற வீட்ல எந்த சோப்பு போட்டாலும் நுரை அள்ளும், கழுவினாலும் போக மாட்டேங்குதேன்னு அம்மா சொல்ற அளவுக்கு. இப்ப இருக்கறது சென்னையில அபார்ட்மென்ட், சம்ப்புல போர் தண்ணி கொஞ்சம், லாரி தண்ணி கொஞ்சம், மெட்ரோ தண்ணி வந்தா அது கொஞ்சம், எல்லாம் கலந்துதான் மேல ஏறுது. அதனால இன்னைக்கு நல்லா நுரைச்ச அதே சோப்பு அடுத்த வாரம் வேற மாதிரி நடந்துக்கும். உப்புத் தண்ணில சோப்பு நுரைக்காதுன்னு நம்ம வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஸ்கூல்லயும் கடின நீர்னு படிச்சிருக்கோம். தண்ணில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேந்து கரையாத ஒரு வெள்ளைப் படிவமா மாறிடும், பக்கெட் ஓரத்துல, குழாய் மேல படியறதுல இதுவும் உண்டு. அப்டி மாறின சோப்பு நுரைக்காது, அதோட நிக்காம அந்தப் பொடித் துகள் பக்கத்துல நல்லா இருக்கற குமிழியையும் உடைச்சு விடும். சலவை பவுடர்ல நுரைய அடக்கறதுக்குன்னே இந்த வகை கால்சியம் சோப்போட குணத்தப் பயன்படுத்தறது உண்டு, அப்ப யோசிச்சுப் பாருங்க.

தண்ணியோட கடினத்தன்மைய முதல்ல அளந்ததே சோப்பு நுரைய வச்சுத்தான். ஸ்காட்லாந்துல அபெர்தீன்ல தாமஸ் கிளார்க்னு ஒரு வேதியியல் பேராசிரியர் 1840கள்ல கொண்டு வந்த முறை அது, ஒரு பாட்டில்ல தண்ணி எடுத்து அளந்த சோப்புக் கரைசல கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் குலுக்குவாங்க, நுரை 5 நிமிஷம் கலையாம நின்னா அதுவரைக்கும் எவ்வளவு சோப்பு செலவாச்சோ அதுதான் அந்தத் தண்ணியோட கடினம். இத வீட்லயே பாக்கலாம், ரெண்டு சின்ன வாட்டர் பாட்டில், ஒண்ணுல குழாய்த் தண்ணி ஒண்ணுல கேன் தண்ணி, ரெண்டுலயும் ஒரே அளவு சோப்ப சீவிப் போட்டு நல்லா குலுக்கி பக்கத்துல பக்கத்துல வைங்க. போர் தண்ணி வீடா இருந்தா ஒரு பாட்டில் பால் கலந்த கணக்கா கலங்கி மேல திட்டுத்திட்டா மிதக்கும், இன்னொண்ணுல நுரை நிக்கும். அத ஒரு தடவ பாத்துட்டா அப்புறம் யாரும் சோப்பத் திட்ட மாட்டாங்க.

குடிதண்ணிக்கான இந்தியத் தரம், ஐஎஸ் 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் சரின்னும், வேற தண்ணி கிடைக்காத இடத்துல 600 வரைக்கும் ஏத்துக்கலாம்னும் சொல்லுது. நடுவுல 300ன்னு வச்சுக்கிட்டு கணக்குப் போட்டா 1 லிட்டர் தண்ணி கிட்டத்தட்ட 1.8 கிராம் சோப்ப தின்னுட்டுத்தான் நுரைக்கவே விடும். கேக்க பெருசாத் தெரியும், ஆனா ஷேவிங் நுரைக்கு மொத்தமா போற தண்ணி சில ஸ்பூன்தான், அதுல வீணாப் போற சோப்பு ரொம்பக் கம்மி. அதனால கடினத் தண்ணி வீட்ல இருக்கறவங்களுக்கு நல்ல சேதி என்னன்னா பிரஷ்ல சோப்ப கூட ஏத்தினாலே பாதி பிரச்சன தீந்துடும், மீதிப் பாதிக்கு ஒரு டம்ளர் கேன் தண்ணி போதும், அதுலயே பிரஷ்ஷ ஊற வச்சு, அதையே சோப்பு மேல ஊத்தி, அதையே சொட்டு சொட்டா விட்டு நுரை கட்டிட்டு, முகம் கழுவறதுக்கு மட்டும் குழாய்த் தண்ணிக்குப் போயிடலாம்.

சிலர் டிடிஎஸ் மீட்டர வச்சுப் பாத்துட்டு எங்க தண்ணி மோசம்னு சொல்றாங்க, டிடிஎஸ் வேற கடினத்தன்மை வேற, டிடிஎஸ்ங்கறது தண்ணில கரைஞ்சிருக்கற எல்லாத்தோட மொத்தம், கடினத்தன்மை அதுல கால்சியம், மெக்னீசியம் மட்டும். அபார்ட்மென்ட்ல சாஃப்ட்னர் போட்டிருந்தா அது கால்சியத்த எடுத்துட்டு அந்த இடத்துல சோடியத்த விடுது, டிடிஎஸ் கிட்டத்தட்ட அப்டியேதான் இருக்கும், சோப்பு மட்டும் நல்லா நுரைக்கும். கொதிக்க வச்சா பைகார்பனேட்டால வர்ற தற்காலிகக் கடினம் மட்டும் போகும், கெட்டில் அடியில வெள்ளையா படியுதே அதுதான், மத்தது தண்ணிலயே இருக்கும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விடற வேலை வேணாம், புளிப்பு கூடினா சோப்பே உடைஞ்சு கொழுப்பு அமிலமா திரும்பிடும். சலவை சோடாவும் வேணாம், முகத்துத் தோல் தாங்காது.

பிரஷ் விஷயத்துல எனக்கு பன்னி முடி பிரஷ்தான் கட்டி சோப்புக்குப் பொருத்தம், இத்தாலியோட ஓமேகா, போர்ச்சுகலோட செமோக் எல்லாம் பேர் போனது. விறைப்பா இருக்கறதால சோப்ப நல்லா சுரண்டி எடுக்கும். புதுசுல முடி குத்தும், நாத்தமும் கொஞ்சம் இருக்கும், போகப் போக முடியோட நுனி ரெண்டா மூணா பிரிஞ்சு மெத்துன்னு ஆயிடும், அதுக்கு அப்புறம் அத விட மனசே வராது. பன்னி முடி தண்ணிய உறிஞ்சும், அதனால வெதுவெதுப்பான தண்ணில சில நிமிஷம் ஊற விடணும், இல்லன்னா நுரை கட்டிக்கிட்டு இருக்கும்போதே பிரஷ் தண்ணிய குடிச்சுட்டு நுரை வறண்டு போயிடும். பேட்ஜர்ங்கற காட்டு விலங்கோட முடிக்கு அவ்வளவு நேரம் வேணாம், சிந்தடிக் பிரஷ்ஷ நனைச்சு உதறினாப் போதும், அது தண்ணிய வச்சுக்காது. கொதிக்கற தண்ணில மட்டும் எந்த பிரஷ்ஷயும் போடாதீங்க, முடியும் கெடும், அடியில இருக்கற பசையும் விட்டுடும்.

பிரஷ் ஊறற நேரத்துல சோப்பு மேல ஒரு ஸ்பூன் சூடான தண்ணிய ஊத்தி விட்டுட்டு குளிக்கப் போயிடுங்க. குளிச்சுட்டு வந்தா சோப்போட மேல்பக்கம் கொழகொழன்னு இளகி இருக்கும், தாடியும் ஊறி இருக்கும், ரெண்டு வேலை. தாடி முடி தண்ணிய உறிஞ்சினா வெட்டறதுக்குத் தேவைப்படற பலம் நல்லாவே குறையும், ரேசர் இழுக்கறதுக்கு பல தடவ காரணம் பிளேடு மொக்கையாப் போனது கூட இல்ல, முடி சரியா ஊறாததுதான். அந்த இளகின தண்ணிய கீழ கொட்டாம அப்டியே தாடியில தடவிக்கலாம்.

இனிமே சொல்லப் போறத மட்டும் நிதானமாப் படிங்க. பிரஷ்ஷ எடுத்து நல்லா ரெண்டு உதறு உதறுங்க, சொட்டக் கூடாது, ஆனா ஈரம் இருக்கணும். சோப்பு மேல வச்சு லேசா அழுத்தி வட்டமா சுத்த ஆரம்பிங்க. முதல் சில நொடி பெரிய குமிழியா வழியும், சளசளன்னு சத்தம் கேக்கும், இங்கதான் எல்லாரும் ஆஹா நுரை வந்துடுச்சுன்னு நிறுத்திட்டு முகத்துக்குப் போயிடறாங்க. அது நுரையே கிடையாது, சோப்புத் தண்ணில காத்து. நிறுத்தாம சுத்துங்க, வழியறது வழியட்டும், கொஞ்ச நேரத்துல அந்த சளசளப்பு அடங்கும், பிரஷ் இழுக்க ஆரம்பிக்கும், முடிக்கு நடுவுல வெள்ளையா பேஸ்ட்டா அடைஞ்சு நிக்கும், விரல வச்சு எடுத்தா ஒட்டும். இந்த நிலைக்கு நல்ல தண்ணில 30 வினாடி, போர் தண்ணில 1 நிமிஷம் கூட ஆகும், மிட்செல்ஸ் மாதிரி ஆட்டு ரோமத்துக் கொழுப்பு, அதான் லனோலின், கலந்த சோப்புக்கு இன்னும் கூட பொறுமை வேணும். சோப்பு வேஸ்ட் ஆயிடுமேன்னு கை நடுங்கவே கூடாது, மிஞ்சிப் போனா 1 கிராம் அளவுதான் போகும், 100 கிராம் கட்டிய வச்சு மாசக்கணக்குல ஷேவ் பண்ணலாம். எவ்வளவு ஏத்தணும்னு சந்தேகம் வந்தா இன்னும் ஒரு 10 வினாடி சுத்துங்க, சோப்பு அதிகமா ஏறினா தண்ணி விட்டு சரி பண்ணிக்கலாம், குறைஞ்சு போச்சுன்னா மறுபடி டப்பாவுக்குத்தான் வரணும்.

அந்தப் பேஸ்ட்ட கிண்ணத்துலயோ முகத்துலயோ எடுத்துட்டுப் போய் சுத்துங்க, இப்ப அது மங்கலா, வறண்டு, இழுபறியா இருக்கும், இருக்கட்டும். பிரஷ்ஷோட நுனிய மட்டும் தண்ணில தொட்டுக்கிட்டு சில சொட்டு சேருங்க, சேத்தது முழுசா கலக்கற வரைக்கும் சுத்துங்க, அப்புறம் மறுபடி நுனியத் தொடுங்க. இப்டி நாலஞ்சு தடவ ஆகும், ஒவ்வொரு தடவையும் நுரை பெருசாயிக்கிட்டே போறது கண்ணுக்குத் தெரியும். ஒரே அடியா தண்ணிய ஊத்தினா காத்து பெரிய குமிழியா உள்ள போயிடும், அத மறுபடி பொடிசாக்கறது ரொம்பக் கஷ்டம். மங்கலா இருந்தது ஒரு கட்டத்துல பளபளன்னு ஆகும், அந்தப் பளபளப்பத்தான் நீங்க தேடணும், கெட்டித் தயிர ஸ்பூன்ல எடுத்தா வர்ற அந்த மினுமினுப்பு. நிறைய பேர் நுரை கெட்டியா நிக்குதேன்னு பளபளப்பு வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடறாங்க, பாக்க அழகா மலையா நிக்கும், ஆனா வழுக்கவே வழுக்காது, ரேசர் தடதடன்னு போகும். எனக்கு அழகா நிக்கிற நுரைய விட ஒரு சொட்டு தண்ணி கூடப் போய் லேசா தளர்ந்த நுரைதான் பிடிக்கும்.

சரியா வந்துச்சான்னு பாக்க ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு அழுத்தித் தேச்சுப் பாருங்க, விரல் ஒண்ணு மேல ஒண்ணு நிக்காம நழுவணும். கண்ணுக்குத் தெரியற மாதிரி குமிழி இருந்தா ஒண்ணு தண்ணி அதிகம், இல்லன்னா சோப்பு கம்மி, போய் இன்னும் கொஞ்சம் சோப்பு ஏத்திட்டு வாங்க. திரிதிரியா, பொருபொருன்னு இருந்தா தண்ணி பத்தல. முகத்துல பூசி கொஞ்ச நேரத்துல ஓரமெல்லாம் காஞ்சா அதுவும் தண்ணி பத்தாததுதான், ஆனா அதுக்கு முன்னாடி மேல ஃபேன் ஓடுதான்னு பாருங்க. நம்ம வீடுகள்ல வாஷ் பேசின் ஹால்லயே இருக்கும், ஃபேன் காத்து நேரா முகத்துல படும், எப்பேர்ப்பட்ட நுரையும் காஞ்சு போயிடும். ஃபேன அணைச்சுட்டு ஷேவ் பண்ணுங்க, வேர்த்தாலும் பரவால்ல.

கிண்ணமா முகமான்னு கேட்டா, கத்துக்கறவங்களுக்கு கிண்ணம் நல்லது, நுரை மாறறது கண்ணு முன்னாடி தெரியும், அடியில வரி வரியா இருக்கற கிண்ணமா இருந்தா இன்னும் சீக்கிரம் கட்டும். நான் முகத்துலதான் கட்டறேன், ஏன்னா அந்த ரெண்டு மூணு நிமிஷமும் பிரஷ் தாடியப் புரட்டிப் புரட்டி ஈரத்த உள்ள தள்ளுது, சலூன்ல பழைய கைங்க பேசிக்கிட்டே ரொம்ப நேரம் பிரஷ்ஷ ஓட்டுவாங்களே, அந்த நேரம் முழுக்க முடி மெத்துன்னு ஆகிக்கிட்டு இருக்கு. பருவோ எரிச்சலோ இருக்கற தோலா இருந்தா கிண்ணத்துல கட்டி பூசிக்கிறது நல்லது. முதல் சுத்து ரேசர முடி போற போக்குல இழுத்துட்டு, முகத்த நனைச்சு, பிரஷ்ல மிச்சம் இருக்கறதையே நுனிய தண்ணில தொட்டு திரும்பப் பூசுங்க, முதல்ல நிறைய ஏத்தியிருந்தா ரெண்டாவது மூணாவது சுத்துக்கும் தாராளமா வரும், பல நாள் ரெண்டாவது சுத்து நுரைதான் முதல்ல விட நல்லா இருக்கும்.

முடிஞ்சதும் பிரஷ்ஷ நல்லா அலசி, உதறி, துண்டுல ஒத்தி, காத்தாட வைங்க. போர் தண்ணி வீட்ல முடி அடியில வெள்ளையா படிஞ்சு விறைக்க ஆரம்பிக்கும், எப்பவாவது ஒரு தடவ தண்ணி கலந்த வெள்ளை வினிகர்ல பத்து நிமிஷம் வச்சு அலசினா போயிடும். சோப்பு டப்பாவ உடனே மூடாதீங்க, சென்னை ஈரக் காத்துல மூடி வச்சா மேல கொழகொழன்னே இருந்து வாசனை கெட்டுப் போகும், காஞ்ச அப்புறம் மூடுங்க.

வெளியூர் போறவங்களுக்கு டப்பா சுமக்கற வேலையே வேணாம், ஆர்கோ மாதிரி குச்சி சோப்பு ஒண்ணு போதும், நனைச்ச தாடியில முடிக்கு எதிரா தேச்சு விட்டுட்டு ஈர பிரஷ்ஷால முகத்துலயே கட்டிக்கலாம், சோப்பு எவ்வளவு ஏறுதுன்னு யோசிக்கவே வேணாம், தாடியே தேவையான அளவு சீவி எடுத்துக்கும். லாட்ஜ்ல தண்ணி எப்டி இருக்கும்னு சொல்ல முடியாது, குடிக்க வாங்கின பாட்டில்ல இருந்து ரெண்டு மூடி தண்ணிய எடுத்து வச்சுக்கங்க.